"நல்லா இருக்கேன் சார்": சிறுநீரக மருத்துவர்களுக்கும் டயாலிசிஸ் பிரிவுகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கும், டெக்னீஷியன் தம்பி தங்கைகளுக்கும், சிஸ்டர்களுக்கும், இந்தப் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என் கட்டில் ஓரம் நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன் சார்" என்றேன். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "ஹீமோகுளோபின் பரவாயில்லை, பாஸ்பரஸைத்தான் கொஞ்சம் குறைக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று காலை என் நிலவரம் இது. முந்தைய இரவு இரண்டு மணி வரை தூக்கமில்லை. படுத்தால் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு குடைச்சல். எழுந்து நடந்தால்தான் அடங்கும். நடந்தேன், கூடத்துக்கும் வாசலுக்குமாக. காலையில் இட்லி இறங்கவில்லை, வாயில் துருப்பிடித்த இரும்பை நக்கியது போல ஒரு ருசி. பஸ் ஏறும்போது மனைவி ஏதோ கேட்டாள், காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நல்லா இருக்கேன் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டுச் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று வாய் பழகிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன, சர்க்கரைதான் காரணம். இப்போது ஐந்து வருஷமாக வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் டயாலிசிஸ் மிஷினில் படுக்கிறேன். என் பழைய வேலையில் ஒரு சொல் உண்டு: டோர் லாக். வீடு பூட்டியிருந்தால் ரீடிங் எடுக்க முடியாது. 'டோர் லாக்' என்று குறித்துவிட்டுப் போன தடவை வந்த தொகையையே இந்தத் தடவைக்கும் போடுவோம். அந்த வீட்டில் புதிதாக ஏசி மாட்டியிருக்கலாம், ஆள் ஊரிலேயே இல்லாமலும் இருக்கலாம், கணக்கு என்னவோ பழைய கணக்குதான். எங்களுடைய "நல்லா இருக்கேன் சார்" ஒரு டோர் லாக். நீங்களும் போன மாதத்துக் கணக்கையே போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறீர்கள்.

நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். 1943-இல் ஜெர்மன்காரர்கள் பிடியில் இருந்த நெதர்லாந்தில், தொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் உறையைக் குழாயாகச் சுற்றி வில்லம் கோல்ஃப் முதல் மிஷினைச் செய்தார். அவர் கையில் முதலில் பிழைத்த ஆள் 1945-இல் 67 வயது அம்மாள் ஒருவர். அதற்கு முன் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நெடுநாள் தங்கவில்லை. 1962-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் மிஷின் போதாமல், யாருக்கு டயாலிசிஸ் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு குழுவே போட்டார்கள். இன்று என் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் இளநீர் வியாபாரிக்கு (அவர் தொழிலைப் பாருங்கள், ஒரு மடக்கு குடிக்க அனுமதியில்லை) முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைசா செலவில்லாமல் டயாலிசிஸ் நடக்கிறது. 2016-இல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபின் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் மிஷின்கள் கூடின. உயிரோடு இருக்கிறோம். அது சின்ன விஷயமில்லை என்று எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆனால் உயிரோடு இருக்கிற நேரம் எப்படிப் போகிறது என்பதைக் கேட்க உங்கள் படிவத்தில் இடமே இல்லை. என் கேஸ் ஷீட்டை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். ரீடிங் எடுத்தவனுக்குப் பிறர் எழுதிய எண்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. வரும்போது எடை, போகும்போது எடை, சிறுநீராகப் போகாமல் உடம்பில் தேங்கியதில் மிஷின் இழுத்த தண்ணீர், மணிக்கொரு பி.பி., ரத்தம் ஓடும் வேகம், ரத்தம் உறையாமல் இருக்க விடும் ஹெபாரின் எத்தனை யூனிட், ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் எத்தனையாவது தடவை கழுவியது. டயலைசருக்குக்கூட ஒரு பிறப்பும் வளர்ப்பும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. நான் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் எட்டு மணி நேரம்தான் நான் உங்கள் மிஷினில் இருக்கிறேன். மீதி 160 மணி நேரத்துக்கும் ஒரே சாட்சி நான்தான். அந்தச் சாட்சியோ கூண்டில் ஏறி "நல்லா இருக்கேன் சார்" என்கிறான்.

ஏன் சொல்வதில்லை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதைக் கோவையாகச் சொல்ல எனக்கே ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

முதலில் இடம். எங்கள் அறையில் பத்துக் கட்டில். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும்தான் இடைவெளி. டிவி ஓடுகிறது, அட்டெண்டர்கள் இட்லிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். இந்தச் சந்தையில் நின்று "மலம் சரியா போகுதா?" என்று கேட்டால் ஒரு பெண்பிள்ளை என்ன பதில் சொல்லும்? எனக்கு எதிரே இருப்பவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தாம்பத்தியம் நின்று மூன்று வருஷமாகிறது என்று ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார். உங்களிடம் சொன்னீர்களா தம்பி என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அடுத்தது, நீங்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி. மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், "தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" கை கால் நமைச்சல் என்று சொன்னால், "பாஸ்பரஸ் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" தலை சுற்றுகிறது என்றால், "காலைல பி.பி. மாத்திரை போட்டுட்டு வந்துட்டீங்களா?" மருத்துவத்தில் இந்தக் கேள்விகள் தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படுத்திருப்பவன் காதில் அது போலீஸ் விசாரணை மாதிரி விழுகிறது. உபாதையைச் சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகிவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீரில் காலம் தள்ளச் சொல்லியிருக்கிறீர்கள், சரி. மிஷின் எனக்காக நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் நல்ல தண்ணீரை ஓடவிட்டு வெளியே கொட்டுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஐஸ் துண்டை நாக்கில் ஒதுக்கிக்கொண்டு கிடப்பவனிடம் தாகத்தைப் பற்றிக் கேட்கும்போது குரல் கொஞ்சம் தணிந்தால் போதும்.

மூன்றாவதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: பாசம். எங்கள் பிரிவின் முதல் ஷிப்டுக்கு மிஷின் தயார் பண்ண டெக்னீஷியன் பெண் விடியற்காலையில் வந்திருக்கும். ஆறேழு பேருக்கு ஊசி குத்தி, இறக்கி, மறுபடி அடுத்த ஆளை ஏற்றி, நடுவில் டீ குடிக்கக்கூட நேரமில்லாமல் ஓடுகிறது. அதைக் கூப்பிட்டு, "அம்மா, எனக்கு மனசு சரியில்ல" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

இதற்கெல்லாம் மேலே, "டயாலிசிஸ்னா அப்படித்தான்" என்கிற ஒரு வாக்கியம். நீங்கள் சொல்கிறீர்கள். பழைய நோயாளிகள் புது நோயாளிகளுக்குச் சொல்கிறார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியம் எனக்கு எட்டு மாதத் தூக்கத்தைத் தின்றது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருஷம் முதுகில் நமைச்சல் ஆரம்பித்தது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. ராத்திரியில் மட்டும் தோலுக்கு அடியில் யாரோ சுள்ளி உடைப்பது போல இருக்கும். வேப்பிலை அரைத்துப் போட்டோம், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்த்தோம், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டோம். நான் சொறிந்து சொறிந்து பனியனில் ரத்தம். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கும் என்ற பதில் வந்தது. அப்புறம் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, வழக்கமான டாக்டர் விடுப்பில் இருந்த ஒரு நாள், மாற்றாக வந்த இளம் டாக்டர் ஒருவர் எடையையும் பி.பி.யையும் பார்க்குமுன், "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க ஐயா?" என்று கேட்டார். எப்படி இருக்கீங்க என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கேள்விக்கு நல்லா இருக்கேன் என்று பதில் சொல்ல முடியாது பாருங்கள். "இரண்டு மணி நேரம்" என்று வந்துவிட்டது. ஏன் என்றார். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தோல் வறட்சிக்கு ஒரு களிம்பும், டயாலிசிஸ் முடிந்தபின் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு சின்ன மாத்திரையும் எழுதினார். அந்த மாத்திரையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். சிறுநீரகம் வேலை செய்யாதவனுக்கு அது அளவு தப்பினால் ஆளையே மயக்கிச் சாய்த்துவிடும் என்று அவர் எச்சரித்திருக்கிறார்; இதைப் படிக்கும் என் இனத்தார் நேராகக் கடைக்குப் போய்விடுவார்கள். பத்து நாளில் தூங்க ஆரம்பித்தேன். எட்டு மாதம் நான் பட்டதற்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு கேள்விதான் இருந்திருக்கிறது.

கடைக்குப் போவது என்று சொன்னேனே, அதில் இன்னொரு கதை இருக்கிறது. எங்கள் ஷிப்டில் ஒரு கொத்தனார் மேஸ்திரி. முழங்கால் வலி. நாற்பது வருஷம் சாரம் ஏறி இறங்கிய கால். டயாலிசிஸ் டாக்டர் கிட்னி டாக்டர்தானே, அவரிடம் போய் முட்டி வலியை ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர் நியாயம். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி, தினம் இரண்டு. அப்போது அவருக்கு நாளைக்கு அரை லிட்டர் சிறுநீராவது இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்களில் எவ்வளவு பெரிய பாக்கியம் தெரியுமா? அந்த அரை லிட்டர் அளவுக்குக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கலாம், மோர் குடிக்கலாம். சில மாதத்தில் அது வற்றிவிட்டது. வலி மாத்திரைதான் வற்றவைத்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, கூடவே நோயும் முற்றியிருக்கலாம். பின்னால் விஷயம் தெரிந்தபோது டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார், "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றார். மேஸ்திரி அமைதியாக, "நீங்க கேக்கலயே சார்" என்றார்.

நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருப்பவனுக்கு இன்னொரு கையில் போன்தான் துணை. மற்றவர்கள் ரீல்ஸ் பார்ப்பார்கள். நான் மெதுவாக, அகராதியும் கையுமாக, டயாலிசிஸ் பற்றிய ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கட்டிலில் இருந்து படித்தவனுக்கு எது கண்ணில் பட்டது என்று சொல்கிறேன்.

2007-இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் 30 உபாதைகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அதே பட்டியலை அவர்களைப் பார்க்கும் மருத்துவக் குழுவினரிடமும் கொடுத்து, இவருக்கு எவையெல்லாம் இருக்கின்றன என்று கேட்டார்கள். பெரும்பாலான உபாதைகளில், அது இருந்தவர்களில் பாதிப் பேரைக்கூட மருத்துவர்கள் சரியாகச் சொல்லவில்லை. ஆக, நம்மூரில் மட்டும் உள்ள கோளாறு இல்லை இது.

2017-இல் வந்த இன்னொன்று. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் நோயாளிகளையும் மருத்துவர்களையும் கூட்டி, டயாலிசிஸ் ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். மருத்துவர்கள் இறப்பு, ஆஸ்பத்திரியில் சேர்வது போன்றவற்றுக்கு அதிக எடை கொடுத்தார்கள். நோயாளிகளோ ஊருக்குப் போய்வர முடிவது, டயாலிசிஸ் இல்லாத நேரம், மிஷினில் இருந்து இறங்கியபின் சக்கையாகிப் போவது ஆகியவற்றுக்கு அவர்களைவிட அதிக எடை கொடுத்தார்கள். படித்தவுடன் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் பேத்தி காதுகுத்துக்கு மதுரை போக முடியாமல் வீடியோ காலில் பார்த்த வாரம் அது. கடைசியில் இரண்டு தரப்பும் சேர்ந்து அவசியம் அளக்க வேண்டியவை என்று ஒத்துக்கொண்ட நான்கில் இறப்பு, இதய நோய், ஊசி குத்தும் ரத்தக்குழாய் இவற்றோடு அசதியும் இடம்பிடித்தது. எங்கள் அசதி! மரணத்துக்குச் சரிசமமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சக்கையாகும் விஷயத்துக்கு ஒற்றைக் கேள்வி ஒன்று இருக்கிறது. "டயாலிசிஸ் முடிந்து நீங்கள் பழையபடி ஆக எவ்வளவு நேரம் ஆகிறது?" அவ்வளவுதான். 2014-இல் வந்த பன்னாட்டு ஆய்வில், 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று சொன்னவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ரத்தம் எடுக்க வேண்டாம், லேபுக்கு அனுப்ப வேண்டாம், காசு வேண்டாம். இந்த ஐந்து வருஷத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. என் பதில்: மறுநாள் மத்தியானம் வரை.

ஏன் மறுநாள் மத்தியானம் வரை என்பதற்கு எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். உடல் எடை ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் இழுத்தால் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் டிரை வெயிட், அதாவது தேங்கிய தண்ணீர் எல்லாம் இறங்கியபின் இருக்க வேண்டிய எடை, 58 கிலோ. அப்படியானால் மணிக்கு 754 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே நான்கு நாள் இடைவெளி. வெயில் காலத்தில் செவ்வாய்க்கிழமை உடம்பில் தேங்கிய நான்கு லிட்டர் தண்ணீரோடு வருவேன். அதைப் பதமாக இழுக்க ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆனால் அடுத்த ஷிப்ட் ஆள் வாசலில் பையோடு நிற்கிறார். அதனால் நான்கு மணி நேரத்திலேயே இழுக்கிறீர்கள். மூன்றாவது மணி முடியும்போது கெண்டைக்கால் கட்டையாகிவிடும். நான் கத்துவேன், தம்பி ஓடிவந்து பாதத்தை மடக்கிப் பிடிப்பார், சலைன் கொஞ்சம் விடுவார், அடங்கும். ஷீட்டில் "கிராம்ப்ஸ், சலைன் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி. அடுத்த செவ்வாயும் அதே வரி. நான் புரட்டிப் பார்த்தேன், ஒரு கோடைக்காலத்தில் ஒன்பது செவ்வாய்க்கிழமை அதே வரி இருந்தது. ஒன்பது தடவை எழுதியும், டிரை வெயிட்டை மாற்றிப் பார்ப்போமா, மூன்றாவது நாள் ஒன்று கூடுதலாகப் போடுவோமா, இவர் சாப்பாட்டில் உப்பு எங்கிருந்து ஏறுகிறது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. (ஊறுகாயிலிருந்து ஏறியது. அதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். தண்ணீரைக் குறை என்று நூறு தடவை சொன்னீர்கள். உப்பு குறைந்தால் தாகமே குறையும் என்று ஒரு தடவை புரியும்படி சொல்லியிருக்கலாம்.)

எழுதுவது வேறு, கவனிப்பது வேறு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உபாதைப் படிவம் வேண்டும் என்று நாங்கள் கேட்டால், நாளைக்கே நாற்பது கேள்விகளோடு ஒரு படிவம் வந்துவிடும் என்று எனக்குப் பயம். காப்பீட்டுக்கு அனுப்பும் தாள்களோடு அதையும் பின் அடித்து, மாதக் கடைசியில் யாரோ மேஜையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கும் "இல்லை, இல்லை, இல்லை" என்று டிக் போட்டு முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு காகிதத்துக்கு இந்த மடலே எழுத வேண்டியதில்லை.

நான் கேட்பது சின்னது. மாதம் ஒரு தடவை, ஒரே ஒரு தாள், பத்துப் பன்னிரண்டு வரி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஒரு எண்: இல்லை, கொஞ்சம், ரொம்ப, தாங்க முடியவில்லை. அதற்கு வலப்பக்கத்தில் ஒரு காலி இடம், "இதற்கு என்ன செய்தோம்" என்று. என் கணக்கில் அந்தக் காலி இடம்தான் படிவமே. மூன்று என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. செய்ய ஒன்றுமில்லை என்றால் "பேசினோம், இப்போதைக்கு வழியில்லை" என்றாவது எழுதுங்கள். அதுவும் பதில்தான், நாங்கள் ஏற்றுக்கொள்வோம்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். கடைசி மணி நேரத்தில் கேட்காதீர்கள். அப்போது பி.பி. இறங்கி, மூளை பஞ்சாகி, வீட்டுக்குப் போனால் போதும் என்று இருப்போம்; கிட்னியை எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம், அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே. ஊசி குத்தி, வலி அடங்கி, மிஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரம்தான் மனிதர் பேசக்கூடிய நேரம். கேட்பவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. எழுதத் தெரிந்தவர் தானே எழுதட்டும், எழுத முடியாதவருக்கு ஒரு சிஸ்டர் கேட்டு எழுதட்டும். கூட வந்த மனைவியையோ மகனையோ கேட்டால் இன்னும் நல்லது. நான் எரிந்து விழுவது எனக்கு உபாதையாகத் தெரியாது, என் வீட்டம்மாவுக்குத் தெரியும். அந்தரங்க விஷயங்களுக்கு மட்டும் தனியாக ஐந்து நிமிடம், எடை பார்க்கும் அறையிலாவது.

அப்புறம் சொற்கள். இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்து அப்படியே பெயர்த்து, "ஓய்வற்ற கால்கள்" என்று எழுதினால் எங்கள் மேஸ்திரி தன் காலைத்தான் குனிந்து பார்ப்பார். "கால் குடைச்சல்" என்று எழுதுங்கள், உடனே சொல்லுவார். களைப்பு, சோர்வு, அசதி மூன்றும் ஒன்று என்று அகராதி சொல்லலாம், எங்களுக்கு அப்படியில்லை. களைப்பு வேலை செய்தால் வருவது, படுத்தால் போவது. அசதி ஒரு வேலையும் செய்யாமல் வந்து, படுத்தாலும் கூடவே படுத்துக்கொள்வது. "மனச்சோர்வு இருக்கிறதா?" என்றால் எங்கள் ஷிப்டில் பத்துப் பேரும் இல்லை என்பார்கள். "எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். படிவத்தை அச்சடிக்குமுன் ஒரு நாள் எங்கள் நடுவே வந்து உட்கார்ந்து, எந்த உபாதையை நாங்கள் எப்படிச் சொல்கிறோம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நான்கு மணி நேரம் எங்கேயும் ஓடிவிட மாட்டோம்.

கேட்டால் பலன் உண்டா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். புற்றுநோய்ப் பிரிவில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. கீமோ எடுப்பவர்கள் தங்கள் உபாதைகளைத் தாங்களே கணினியில் பதிய, கடுமையானால் செவிலியருக்குத் தகவல் போகும்படி செய்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் வாழ்ந்தது நடுமதிப்பில் 26 மாதம், பதிந்தவர்கள் 31 மாதம். டயாலிசிஸிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இது வேறு நோய். உபாதையைக் கேட்பது மனம் குளிரச் செய்யும் உபசாரம், மருத்துவத்தோடு சேர்ந்ததில்லை என்ற எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், அதை மட்டும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள் என்கிறேன்.

குளிர் என்றதும் ஞாபகம் வருகிறது. மிஷின் திரவத்தின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் பி.பி. இறங்காது, இதயத்துக்கு நல்லது என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 84 மையங்களில் அதைச் சோதித்து 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். இதய நோயிலோ இறப்பிலோ வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. குளிர்கிறது என்று சொன்னவர்கள்தான் அதிகம். எனக்கு வெயில் காலத்தில் அந்தக் குளிர் சுகமாக இருக்கும், பிடிப்பும் குறைவது போலத் தோன்றும். என் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு மே மாதத்திலும் கம்பளி வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே சூடுதான் வைத்திருக்கிறீர்கள். திருப்பினால் மாறும் எண் அது, கேட்டால் போதும்.

இன்னும் ஒன்று, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் சி.ஏ.பி.டி. முறை ஒன்று இருக்கிறது என்பது, கையில் ஊசி குத்த வாகாக ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் கழித்து, டீக்கடையில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவந்திருக்குமா என்று தெரியாது, நாளைக்கு மூன்று நான்கு தடவை பை மாற்ற வேண்டும், சுத்தம் பார்க்க வேண்டும், என் வீடு சின்னது. வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. கம்பளி கேட்கும் அந்தப் பாட்டிக்கு 78 வயது. இன்னும் எத்தனை நாள் இப்படி, போதுமே என்று என் மனைவியிடம் மெல்லச் சொல்கிறார். அதைக் கேட்கவும் உங்களில் ஒருவர் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட வேண்டும். பாட்டி சாகவேண்டும் என்று சொல்கிறாரா, இல்லை ஊசி குத்தும் வலி போதும் என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு.

டெக்னீஷியன் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதில் எதுவும் உங்கள் மேல் குறையில்லை. நீங்கள்தான் எங்களை வாரம் எட்டு மணி நேரம் பார்க்கிறீர்கள்; எந்த நரம்பில் குத்தினால் எனக்கு வலி குறைவு என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடத்துகிறவர்களிடம்தான் சொல்கிறேன்: அவர்கள் கையில் இன்னும் ஒரு தாளைக் கொடுக்குமுன், அதை எழுத ஒரு ஆளையும் அரைமணி நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நான் காத்திருக்கவில்லை. பழைய பழக்கம், ஒரு அட்டையில் எழுத ஆரம்பித்துவிட்டேன். வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டை மாதிரியே கோடு போட்டு, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஷிப்ட், ஊசி குத்தி ஒரு அரைமணி கழித்து வந்தால் காட்டுகிறேன். இந்த வாரத்து ரீடிங்: நமைச்சல் 1. கால் குடைச்சல் 3. அசதி 3. வாய் காய்தல் 2. தசைப்பிடிப்பு 2. முட்டி வலி 0. எரிந்து விழுதல் 2 (மனைவி கணக்குப்படி 3). தூக்கம், நேற்று மூன்றரை மணி நேரம். வலப்பக்கம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
நான்காம் நம்பர் கட்டில்,
செவ்வாய், வெள்ளி, இரண்டாவது ஷிப்ட்